ஒரு படத்துக்கு எவ்வளவு? - குழந்தைப் புத்தக ஓவியர்களின் கூலிக் கதை

'ஆலிஸின் அற்புத உலகம்' எழுதினது யாருன்னு கேட்டா நம்ம பதிவர்கள்ல பாதிப் பேர் லூயிஸ் கரோல்னு டக்குனு சொல்லிடுவீங்க. அதுல வர்ற முயல், கோட்டுப் போட்டுக்கிட்டு கையில கடிகாரத்தோட நிக்குமே, அதை வரைஞ்சது யாரு? அங்கேதான் கொஞ்சம் யோசிப்போம். அந்த முயலை வரைய அவருக்கு எவ்வளவு கொடுத்தாங்க? இதை யாரும் கேட்கிறதே இல்லை. எனக்கு என்னவோ முதல்ல இதுதான் தோணும். (கூலி பத்தி யோசிக்காத தமிழன் உண்டா என்ன :-))

இந்தப் பதிவு அதைப் பத்தினதுதான். குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போடுறதையே தொழிலா வெச்சுக்கிட்டவங்க அந்தத் தொழிலை எங்கே கத்துக்கிட்டாங்க, என்ன விலை கேட்டாங்க, என்ன கிடைச்சுது. களம் இங்கிலாந்து, 1860லேர்ந்து 1930 வரைக்கும். ஏன் இங்கிலாந்துன்னா, இன்னிக்கு நாம பார்க்கிற வண்ணப் படப் புத்தகம் பெரும்பாலும் அங்கேதான் இந்த வடிவத்துக்கு வந்துச்சு. அதோட, வரவு செலவும் கடிதமும் பத்திரமா எடுத்து வெச்சிருக்காங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு. அந்தக் காலத்துல 1 பவுண்டுக்கு 20 ஷில்லிங், 1 ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். நம்ம தாத்தா காலத்து ரூபாய், அணா, பைசா மாதிரிதான். இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

138 பவுண்டு

முயலை வரைஞ்சவர் ஜான் டென்னியல். 1820ல பிறந்தவர். ராயல் அகாடமி ஓவியப் பள்ளியில சேர்ந்து, அங்கே சொல்லிக் கொடுக்கிற விதம் பிடிக்காம வெளியே வந்துட்டார். மீதியெல்லாம் சுயமா கத்துக்கிட்டதுதான். அப்பாவோட கத்திச்சண்டை பழகும்போது அடிபட்டு ஒரு கண்ணுல பார்வை போயிடுச்சு. ஒத்தைக் கண்ணை வெச்சுக்கிட்டுத்தான் இவ்வளவும் வரைஞ்சிருக்கார்.

1865ல வந்த 'ஆலிஸ்' புத்தகத்துக்கு அவர் போட்ட படம் 42. கிடைச்சது 138 பவுண்டு. வகுத்துப் பார்த்தா ஒரு படத்துக்கு 3 பவுண்டு 5 ஷில்லிங் சொச்சம். இதுல ஒரு விசேஷம், பணம் கொடுத்தது பதிப்பாளர் இல்லை. லூயிஸ் கரோல் தன் கைக்காசைப் போட்டுத்தான் புத்தகத்தையே அச்சடிச்சார். மாக்மில்லன் கமிஷனுக்கு வித்துக் கொடுத்தாங்க. ஓவியர், மரக்கட்டையில செதுக்கின டால்ஸியல் சகோதரர்கள், அச்சகம், காகிதம் எல்லாச் செலவும் ஆசிரியர் தலையில.

முதல்ல 2000 பிரதி அச்சடிச்சாங்க. டென்னியல் பார்த்துட்டு, "படம் அச்சான லட்சணம் சரியில்லை"ன்னு சொல்லிட்டார். கரோல் மறுபேச்சு இல்லாம அத்தனையையும் திரும்ப வாங்கிட்டு வேற அச்சகத்துல புதுசா அடிச்சார். ஒதுக்கின தாள்கள் அமெரிக்காவுக்கு விற்பனையாச்சு. ஓவியரோட வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு! ஆனா பாருங்க, அந்த மதிப்பு தரத்துக்குத்தான். லாபத்துக்கு இல்லை. புத்தகம் எத்தனை பதிப்பு ஓடினாலும் டென்னியலுக்கு அந்த 138தான்.

அவர் அதைப் பெரிசா எடுத்துக்கிட்டதாவும் தெரியலை. அவருக்குச் சோறு போட்டது 'பஞ்ச்' பத்திரிகை. அங்கே வாராவாரம் அரசியல் கார்ட்டூன். குழந்தைப் புத்தகம் பக்கவாட்டு வேலைதான். 1871ல வந்த இரண்டாவது ஆலிஸ் புத்தகத்துக்கு முதல்ல முடியாதுன்னே சொன்னார், ரொம்பக் கெஞ்சினப்புறம்தான் ஒத்துக்கிட்டார்.

கட்டையில படிச்ச பாடம்

அடுத்தவர் வால்டர் கிரேன். இவருக்குக் குழந்தைப் புத்தகம் பக்கவாட்டு வேலை இல்லை, முழுநேர வேலை. அதனால கதையும் வேற.

அந்தக் காலத்துல புத்தக ஓவியர் ஆகணும்னா கல்லூரியை விட பட்டறைதான் முக்கியம். பாக்ஸ்வுட்னு ஒரு கெட்டி மரம். அதைக் குறுக்கே அறுத்து, மெழுகு மாதிரி வழவழன்னு தேய்ச்சு வெச்சிருப்பாங்க. ஓவியர் அந்தக் கட்டை மேலேயே படத்தை இடவலமா மாத்தி வரையணும். செதுக்குறவர் கோட்டை மட்டும் விட்டுட்டு மீதியைச் சுரண்டி எடுப்பார். ஒரு கோடு மயிரிழையா இருந்தா கட்டையில நிக்காது, உடைஞ்சுடும். அதனால எந்தக் கோடு உளிக்குத் தாங்கும், எது தாங்காதுன்னு தெரிஞ்சவன்தான் புத்தக ஓவியன்.

கிரேன் 1859ல, 13 வயசுல, வில்லியம் லிண்டன்ங்கிற மரச்செதுக்குக் கலைஞர்கிட்ட தொழில் பழகச் சேர்ந்தார். அப்பா உருவப்பட ஓவியர். தொழில் பழகணும்னா வழக்கமா பையனோட அப்பாதான் குருவுக்கு ஒரு தொகை கட்டணும் (நம்ம ஊர்ல குருதட்சிணைன்னு வெச்சுக்கோங்க, ஆனா முன்பணமா). பையன் வரைஞ்சதைப் பார்த்த லிண்டன் அந்தக் காசே வேண்டாம்னுட்டார். மூணு வருஷம் அங்கே பழக்கம்.

அப்புறம் எட்மண்ட் இவான்ஸ் கண்ணுல பட்டார். இந்தக் கதையில இவான்ஸ்தான் நடுநாயகம். லண்டன்ல அச்சகம் வெச்சிருந்தவர், அவரும் சின்ன வயசுல கட்டை செதுக்கிப் பழகினவர். மஞ்சள் அட்டை போட்ட மலிவு நாவல்களுக்கு அட்டைப்படம் அடிச்சுக்கிட்டிருந்தவர், அதே வண்ண அச்சு முறையைக் குழந்தைகள் புத்தகத்துக்குக் கொண்டு வந்தார். முறை என்னன்னா, கோட்டுக்கு ஒரு கட்டை, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கட்டை. ஒரே தாள் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு தடவை அச்சுக்குள்ள போய் வரணும். ஒரு நிறம் கூடினா செலவும் கூடும். அதனால ஆரம்பத்துல கிரேனுக்குக் கொடுத்தது கறுப்போட இன்னும் ஒண்ணு ரெண்டு நிறம்தான். அதுக்குள்ளேயே அழகு காட்டணும்.

1865லேர்ந்து 'டாய் புக்'னு சொல்ற மெல்லிசான வண்ணப் புத்தகங்கள் ரௌட்லெட்ஜ் பதிப்பகத்துல வரிசையா வந்துச்சு. விலை 6 பென்ஸ், அதாவது அரை ஷில்லிங். அந்த விலையில கட்டுப்படியாகணும்னா ஆயிரக்கணக்குல விக்கணும். வித்துச்சு. வீட்டுக்கு வீடு கிரேன் பேர் தெரிஞ்சுது. வரைஞ்சவருக்கு என்ன? ஒரு தொகை, அதோட முடிஞ்சுது. எத்தனை ஆயிரம் போனாலும் பங்கு கிடையாது. பத்து வருஷம் கழிச்சு 1876 வாக்குல அந்த ஆறு பென்ஸ் வரிசையிலேர்ந்து கிரேன் விலகிட்டார்.

விலகி என்ன பண்ணினார்? 1877ல 'தி பேபிஸ் ஆபெரா'ன்னு பாட்டுப் புத்தகம் ஒண்ணு, விலை 5 ஷில்லிங். அட்டையில தங்க மினுமினுப்பு இல்லாத புத்தகத்தை 10,000 பிரதி அடிக்கிறது பைத்தியக்காரத்தனம்னு கடைக்காரங்க சிரிச்சாங்க. 10,000மும் போய், திரும்பத் திரும்ப அடிச்சாங்க.

பேங்க் குமாஸ்தாவின் சூதாட்டம்

கிரேன் விட்ட இடத்துக்கு இவான்ஸ் தேடிப் பிடிச்ச ஆள் ராண்டால்ஃப் கால்டிகாட். 1846ல செஸ்டர்ல பிறந்தவர். 15 வயசுல பேங்க் குமாஸ்தா! முதல்ல விட்சர்ச்ங்கிற சின்ன ஊர், அப்புறம் மான்செஸ்டர். பகல்ல பேரேடு, சாயங்காலம் மான்செஸ்டர் ஓவியப் பள்ளி. பேங்க் காகிதங்களோட ஓரத்துல குதிரையும் நாயுமா வரைஞ்சு தள்ளியிருக்கார். (ஆபீஸ் நேரத்துல பதிவு எழுதுறவங்களுக்கு இவர்தான் குலதெய்வம்.) பத்திரிகைகள்ல படம் வர ஆரம்பிச்சப்புறம் 1872ல வேலையை விட்டுட்டு லண்டன் போனார்.

1878 கிறிஸ்துமஸுக்கு அவரோட முதல் ரெண்டு படப் புத்தகங்கள் வந்துச்சு. விலை தலா 1 ஷில்லிங். இங்கேதான் ஒப்பந்தம் மாறுது. செதுக்கல், காகிதம், அச்சு எல்லாச் செலவும் இவான்ஸோடது. கால்டிகாட்டுக்கு முன்கூட்டி ஒரு தொகைன்னு எதுவும் இல்லை. வித்தா பிரதிக்கு இவ்வளவுன்னு பங்கு. விக்கலைன்னா பூஜ்யம். ரெண்டு பேரும் சேர்ந்து ஆடின சூதாட்டம்னே சொல்லலாம்.

முதல் பதிப்பு 10,000. அடுத்த பதிப்பு அச்சு ஏறுறதுக்குள்ள அது தீர்ந்துடுச்சு. அதுலேர்ந்து வருஷத்துக்கு ரெண்டுன்னு 1885 வரைக்கும் 16 புத்தகம். உடம்பு எப்பவுமே சரியில்லாத மனுஷன். 1886 பிப்ரவரியில அமெரிக்காவுல ஃபுளோரிடாவுக்குப் போன இடத்துல, 40 வயசு முடிய ஒரு மாசம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார். அமெரிக்காவுல சிறந்த படப் புத்தகத்துக்கு 1938லேர்ந்து கொடுக்கிற கால்டிகாட் விருது இவர் பேர்லதான்.

25,000 கார்டு, 3 பவுண்டு

கேட் கிரீனவே. இவரும் 1846தான். அப்பா ஜான் கிரீனவே மரம் செதுக்குறவர், இவான்ஸுக்குத் தெரிஞ்சவர். அப்பாவோட பட்டறை நாத்தத்துலயே வளர்ந்த பொண்ணு. 12 வயசுலயே ஓவிய வகுப்பு, அப்புறம் ஹீதர்லி, ஸ்லேட்னு பள்ளி மாத்தி பள்ளி. படிச்சுக்கிட்டே வாழ்த்து அட்டை வரைஞ்சு சம்பாதிச்சாங்க.

அப்படி வரைஞ்ச ஒரு காதலர் தின அட்டை சில வாரங்கள்லயே 25,000 வித்துச்சாம். வரைஞ்சவங்களுக்குக் கிடைச்சது 3 பவுண்டு. 3 பவுண்டுன்னா 720 பென்ஸ். வகுத்துப் பாருங்க, 35 அட்டைக்கு ஒரு பென்னி!

அந்தப் பாடம் எவ்வளவு ஆழமா இறங்கியிருக்கும்னு அடுத்த ஒப்பந்தத்தைப் பார்த்தா தெரியும். 'அண்டர் தி விண்டோ'ன்னு தன் பாட்டுக்குத் தானே படம் வரைஞ்ச கட்டோட இவான்ஸ் வீட்டுக்குப் போனாங்க. இவான்ஸ் படங்களுக்குத் தனியா ஒரு தொகை கொடுத்தார். அது போக, வருமானத்துல மூணுல ஒரு பங்கு. அடுத்தடுத்த புத்தகங்களுக்குப் பாதிக்குப் பாதி. உழைப்புக்குக் கூலியும் வேணும், விளைச்சல்ல பங்கும் வேணும்னு ரெண்டையும் வாங்கினவங்க இவங்கதான்.

1879ல வந்த அந்தப் புத்தகத்தை இவான்ஸ் 20,000 அடிச்சார். விலை 6 ஷில்லிங். இவ்வளவு விலைக்கு இவ்வளவு பிரதியான்னு ரௌட்லெட்ஜ்ல கேலி பண்ணினாங்க. மறுபதிப்பு வர்றதுக்குள்ள 20,000மும் காலி. பின்னால 70,000 வரைக்கும் போச்சு.

ஆனா அங்கேயும் ஒரு ஓட்டை. கிரீனவே வரைஞ்ச குழந்தைங்க போட்டிருந்த பழைய பாணி கவுனும் தொப்பியும் ஊரெல்லாம் ஃபேஷன் ஆச்சு. துணிக்கடைகள் அதைப் பார்த்து நிஜக் குழந்தைகளுக்குத் தைச்சு வித்தாங்க. தட்டு, ஓடு, கைக்குட்டைன்னு போலிகள் வேற. அதுலேர்ந்து ஓவியருக்குப் பெரிசா ஒண்ணும் வரலை. புத்தகத்துக்குப் பங்கு கேட்கத் தெரிஞ்சுது. புத்தகத்துக்கு வெளியே ஓடிப்போன படத்தை எப்படிப் பிடிக்கிறதுன்னு அன்னிக்கு யாருக்கும் தெரியலை.

முயல் பொம்மைக்கும் உரிமை

அதைப் பிடிச்சுக் காட்டினவங்க பியாட்ரிக்ஸ் பாட்டர். மறுபடி முயல்!

பணக்கார வீட்டுப் பொண்ணு. வீட்டுலேயே படிப்பு, முறையான ஓவியப் பள்ளி கிடையாது. தம்பியோட சேர்ந்து முயல், வௌவால், தவளைன்னு வளர்த்து, அதுங்களைப் பார்த்துப் பார்த்து வரைஞ்சு பழகினதுதான் பயிற்சி. காளான்களை மைக்ராஸ்கோப்ல பார்த்து நூத்துக்கணக்குல வரைஞ்சிருக்காங்க. 1890ல ஒரு வாழ்த்து அட்டைக் கம்பெனி அவங்களோட 6 முயல் படங்களை 6 பவுண்டுக்கு வாங்குச்சு. அதுதான் முதல் வரும்படி.

1893 செப்டம்பர்ல, உடம்பு சரியில்லாத நோயல்ங்கிற பையனுக்கு (பழைய டீச்சரோட மகன்) படம் போட்டு ஒரு கடிதம் எழுதினாங்க. அந்தக் கடிதம்தான் 'பீட்டர் ராபிட்' கதை. அதைப் புத்தகமாக்க ஏறி இறங்கின பதிப்பகமெல்லாம் முடியாதுன்னு சொல்லிட்டாங்க. ஒரு முக்கியமான தகராறு, அளவும் விலையும். பெரிய புத்தகமா போடலாம்னு அவங்க சொல்ல, குழந்தை கைக்கு அடக்கமா, ஒரு ஷில்லிங் விலையில இருக்கணும்னு இவங்க பிடிவாதம். கடைசியில 1901 டிசம்பர்ல சொந்தக் காசுல 250 பிரதி அடிச்சாங்க. அதுல ஒண்ணை ஷெர்லக் ஹோம்ஸ் எழுதின கோனன் டாயில் தன் பிள்ளைங்களுக்கு வாங்கினார். 250 தீர்ந்து, 1902 பிப்ரவரியில இன்னும் 200.

அதுக்குள்ள ஃப்ரெடரிக் வார்ன் கம்பெனி இறங்கி வந்துச்சு. 1902 அக்டோபர்ல 8000 பிரதி, விலை ஒரு ஷில்லிங்தான். வர்றதுக்கு முன்னாடியே அத்தனையும் புக்கிங். இதை அச்சடிச்சது யார் தெரியுமா? நம்ம எட்மண்ட் இவான்ஸ் அச்சகமேதான். ஆனா இப்போ கட்டையில செதுக்கல் இல்லை, புகைப்பட முறையில எடுத்த மூவண்ண அச்சு. அதனால தண்ணி வண்ணத்துல வரைஞ்சது அப்படியே தாள்ல வந்துச்சு.

1903ல பாட்டர் பண்ணின காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. தானே ஒரு பீட்டர் முயல் பொம்மை தைச்சு, அதை அரசாங்கத்துல பதிவு பண்ணிட்டாங்க. அப்புறம் தாயக்கட்டை விளையாட்டு, சுவர்க் காகிதம், பீங்கான்னு எல்லாத்துக்கும் தன் அனுமதி, தன் பங்கு. கிரீனவே விட்ட ஓட்டையை அடைச்சாச்சு. ஒரே இடத்துல அடி விழுந்துச்சு. அமெரிக்காவுல பதிப்புரிமையைப் பதிவு பண்ணாம வார்ன் கம்பெனி விட்டுட்டாங்க. 1904லேர்ந்து அங்கே திருட்டுப் பதிப்பு கொடிகட்டிப் பறந்துச்சு, ஒரு பென்னி வரலை.

புத்தகப் பணத்தோட அத்தை விட்டுப் போன கொஞ்சம் பணத்தையும் சேர்த்து 1905ல ஹில் டாப்னு ஒரு பண்ணை வாங்கினாங்க. அது பெருகிப் பெருகி, 1943ல அவங்க இறந்தப்போ 4000 ஏக்கருக்கு மேல நேஷனல் டிரஸ்ட்டுக்கு எழுதி வெச்சிருந்தாங்க. முயல் தோண்டின வளை எவ்வளவு பெரிசு பாருங்க!

ஒரே படம், மூணு வருமானம்

ஆர்தர் ராக்கம் இன்னொரு வழி கண்டுபிடிச்சார். இவரும் குமாஸ்தா ஜாதிதான். 1885லேர்ந்து 1892 வரைக்கும் தீ விபத்துக் காப்பீட்டு ஆபீஸ்ல வேலை, சாயங்காலம் லாம்பெத் ஓவியப் பள்ளி. 1905ல 'ரிப் வான் விங்கிள்', 51 வண்ணப் படங்களோட. அடுத்த வருஷம் 'பீட்டர் பான்', 50 படம்.

வழி என்னன்னா, ஒரே படத்தை மூணு விதமா வித்தார். சாதாரணப் பதிப்பு. ஓவியர் கையெழுத்துப் போட்ட, எண்ணி அடிச்ச உயர்விலைப் பதிப்பு. அப்புறம் லண்டன்ல கண்காட்சி வெச்சு மூலப் படங்களோட விற்பனை. மூணாவதுக்கு ஒரே நிபந்தனைதான். மூலப் படம் ஓவியர் கைக்குத் திரும்பி வரணும். பதிப்பாளர் அலமாரியிலேயே தங்கிட்டா எங்கே கண்காட்சி வைக்கிறது?

மூலப் படத்தோட மதிப்பு சாதாரணமில்லை. ஈ.எச். ஷெப்பர்ட் வரைஞ்ச 'வின்னி தி பூ' காட்டு வரைபடம் 2018ல லண்டன் ஏலத்துல 4,30,000 பவுண்டுக்குப் போச்சு. அந்த ஷெப்பர்டை ஆசிரியர் ஏ.ஏ. மில்னுக்கு ஆரம்பத்துல பிடிக்கவே இல்லைங்கிறது வேடிக்கை. 1924ல பாட்டுப் புத்தகம் சேர்ந்து பண்ணினப்புறம் மனசு மாறி, 1926 'வின்னி தி பூ'வுக்குத் தன் ராயல்டியிலேயே ஷெப்பர்டுக்கு ஒரு பங்குன்னு மில்ன் ஏற்பாடு பண்ணினார். ஓவியருக்கு மொத்தத் தொகையைக் கொடுத்து அனுப்புறதே வழக்கமா இருந்த காலத்துல இது பெரிய விஷயம்.

நிற்க. இதெல்லாம் இப்போ எதுக்கு?

எங்க அக்கா பொண்ணு நல்லா படம் போடுவா. சமீபத்துல ஒரு பதிப்பகம் (பேர் வேண்டாம்) குழந்தைப் புத்தகத்துக்குக் கேட்டாங்க. 32 பக்கம், அட்டை தனி, முழு வண்ணம். மொத்தமா 25,000 ரூபாய். சகல உரிமையும், உலகம் முழுக்க, காலம் முழுக்க பதிப்பகத்துக்கு. "மாமா, கம்மியா நிறையவா?"ன்னு கேட்டா. எனக்குப் படம் போடத் தெரியாது, வகுத்தல் தெரியும்.

ரெண்டு பக்கம் சேர்ந்த விரிப்பா கணக்குப் போட்டா 16 படம். மாதிரி வரையறது, திருத்தம், வண்ணம் எல்லாம் சேர்த்து ஒண்ணுக்கு 4 நாள்னா 64 நாள். அட்டை, கடைசி நேரத் திருத்தம் சேர்த்தா லீவு நாள் போக மூணு மாசம். மாசம் 8,300 சொச்சம். காகிதம், வண்ணம் அவ செலவு. டென்னியலோட 3 பவுண்டு தேவலைன்னு தோணுச்சு.

"அப்போ ராயல்டி கேள்"னு உடனே சொல்லிடலாம். ஆனா மேலே உள்ள கதையைத் திரும்பப் பாருங்க. பாட்டருக்கு வீட்டுல பணம் இருந்துச்சு, காத்திருக்க முடிஞ்சுது. கால்டிகாட் பத்திரிகைகள்ல பேர் வாங்கினப்புறம்தான் பூஜ்யத்துக்குத் துணிஞ்சார். ஒரு கணக்குக்குச் சொல்றேன்: 150 ரூபாய் புத்தகம், 5 சதவீத ராயல்டின்னா பிரதிக்கு ஏழரை ரூபாய். 2000 பிரதி வித்தா 15,000. அதுவும் வித்த பிறகு, வருஷக் கணக்கு முடிஞ்ச பிறகு. வீட்டு வாடகை அதுவரைக்கும் காத்திருக்குமா? ராயல்டிங்கிறது அடுப்புல ஏற்கெனவே உலை கொதிக்கிறவங்களுக்குத்தான் சுலபம். அதனால எனக்குச் சரின்னு பட்டது கிரீனவே வழி. உழைப்புக்கு இப்போ கூலி, ஒரு அளவுக்கு மேல வித்தா பங்கு.

நம்ம சட்டமும் இதுல விளையாடுது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேற ஒப்பந்தம் இல்லைன்னா, வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர்னு ஒரு பிரிவு இருக்கு. சம்பளத்துக்கு வேலை பார்த்து வரைஞ்சாலும் முதலாளிக்குத்தான். நம்ம 'அம்புலிமாமா' சங்கர், சித்ரா மாதிரி ஆளுங்க வேலை பார்த்தது அந்தச் சம்பள முறையிலதான். விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோள்ல தூக்கிட்டு நடக்கிற படத்தைப் பார்க்காத வீடு உண்டா? சங்கர் 2020ல மறைஞ்சு, 2021ல பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. கௌரவம் வந்துச்சு, சந்தோஷம். அதனாலதான் எழுத்துல ஒப்பந்தம் முக்கியம்னு சொல்றேன். அதே சட்டத்துல ஓவியருக்குச் சாதகமாவும் ஒண்ணு உண்டு. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருஷம்னு குறிப்பிடலைன்னா அது 5 வருஷம்தான். எந்த நாடுன்னு குறிப்பிடலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். அதனாலதான் 'உலகம் முழுக்க, காலம் முழுக்க'ன்னு கவனமா எழுதுறாங்க!

அவகிட்ட கேட்கச் சொன்னது இவ்வளவுதான்:

1. மூலப் படம் திரும்பி வரணும் (ராக்கம்).
2. உரிமை இந்தப் புத்தகத்துக்கு மட்டும். பொம்மை, காலண்டர், பை எல்லாம் தனிப் பேச்சு (பாட்டர்).
3. எத்தனை வருஷம், எந்த மொழின்னு எழுத்துல இருக்கணும்.
4. குறிப்பிட்ட பிரதிக்கு மேல வித்தா பங்கு (கிரீனவே).
5. திருத்தம் ரெண்டு தடவை இலவசம், மூணாவதுக்குக் காசு. பாதி வேலையில நிறுத்தினா பாதிப் பணம்.
6. அட்டையில பேர். (இதுக்குக் காசே வேண்டாம், ஆனா இதைத்தான் முதல்ல மறப்பாங்க.)

என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. தொகை 28,000 ஆச்சு. உரிமை 5 வருஷம், தமிழ்ப் புத்தகத்துக்கு மட்டும். மூலப் படம் அவளுக்கு. அட்டையில பேர் உண்டு. பங்கு மட்டும் "அடுத்த புத்தகத்துல பார்ப்போம்"னுட்டாங்க. மூவாயிரம் கூடினதை விட அந்த ரெண்டு வரி கூடினதுதான் எனக்குப் பெரிசாப் பட்டுது. நாளைக்கு அந்தப் பூனைக்குட்டி (கதாநாயகி பூனைதான்) பிரபலமாகி பென்சில் டப்பாவுல ஏறினா, அவளைக் கேட்டுட்டுத்தான் ஏறணும்.

இங்கிலாந்துல 1979ல ஒரு சட்டம் போட்டாங்க. பொது நூலகத்துல புத்தகத்தை இரவல் எடுத்தா, எழுதினவருக்கு மட்டும் இல்லை, படம் போட்டவருக்கும் ஒரு சின்னத் தொகை அரசாங்கம் கொடுக்கும். டென்னியலோட 138 பவுண்டுலேர்ந்து அங்கே வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு. ஒவ்வொரு படியும் யாரோ ஒருத்தர் "இது பத்தாது"ன்னு வாய் திறந்து கேட்டதால ஏறினதுதான்.

அடுத்த தடவை உங்க குழந்தைக்குப் புத்தகம் வாங்கும்போது ஒரு நிமிஷம் திருப்பிப் பாருங்க. படம் போட்டவர் பேர் இருக்கா? இருந்தா குழந்தைகிட்ட அந்தப் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க. இல்லைன்னா பதிப்பகத்துக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்க. பதிவர்கள்ல யாராவது படம் போடுறவங்க இருந்தா, நீங்க எப்படி விலை சொல்றீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. எண்ணோட சொல்ல வேண்டாம், கணக்குப் போடுற விதத்தைச் சொன்னாலே புதுசா வர்ற பத்துப் பேருக்கு உதவும்.